கால் ஒடிந்தால் கல்லூரி கைவிடலாமா?

காஞ்சீபுரத்தை அடுத்த ஊர் திருப்பருத்திக்குன்றம். இதைச் ஜின காஞ்சி என்றும் சொல்வார்கள். இங்குள்ள சமணக் கோவிலின் விதானத்து ஓவியங்கள் பெயர் பெற்றவை.

இந்த வட்டாரம் தறிக்குப் பேர் போனது. பட்டுச்சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் இணைத்து நெய்வதற்குக் "கோர்வை" என்று பெயர். பழைய கைத்தறி முறையில் ஒரே ஆளால் கோர்வை போட முடியாது. பக்கத்தில் துணையாள் வேண்டும்.

கபடியும் அப்படித்தான். 7 பேரும் ஒரு மனதாக நின்றால்தான் பாடி வருகிறவனைப் பிடிக்கலாம்.

கல்லூரி அணி

கல்லூரிக் கபடி படிப்படியாக நடக்கிறது. முதலில் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தங்களுக்குள் மோதுகின்றன. நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைக்கிறார்கள். அது தென் மண்டலப் போட்டிக்குப் போகிறது. அங்கே முன்னணியில் வந்தால், அகில இந்தியப் போட்டி!

விளையாட்டு ஒதுக்கீட்டால் ஏழைப் பிள்ளைகள் பலர் கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. கபடி பெரிய பெயரும் வாங்கித் தரும். 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் மணத்தி கணேசன். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர்.

ஆனால் எல்லோருக்கும் தங்கம் கிடைப்பதில்லை. ஆட்டத்தில் முழங்கால் பிசகினால் என்ன ஆகும்? கோப்பை கல்லூரி அலமாரியில் இருக்கும். வலி பிள்ளையின் காலில் இருக்கும்!

அமெரிக்காவில்

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்றால் திருவிழாதான். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள்; எதிரணியார் முட்டித் தள்ளுவார்கள். 1869-ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் முதல் ஆட்டம் ஆடின. இன்று ஒரு லட்சம் பேர் அமரும் மைதானங்கள் அங்கே உண்டு.

அத்தனை பணக்கார நாட்டிலும் 1973-ல் ஒரு விதி வந்தது. ஆட்டக்காரருக்குத் தரும் படிப்பு உதவித்தொகை ஓர் ஆண்டுக்குத்தான். மறு ஆண்டு கொடுப்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம். பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே தரலாம் என்று விதி மாற 2012 ஆயிற்று. ஏறக்குறைய 40 ஆண்டுகள்!

நாம் அத்தனை காலம் காத்திருக்க வேண்டுமா?

செய்ய வேண்டியது

ஆட்டத்துக்காகச் சேர்த்த மாணவருக்குக் காயம் பட்டால், வைத்தியச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். ஆட முடியாமல் போனாலும் பட்டம் வாங்கும் வரை இடமும் சலுகையும் நீடிக்க வேண்டும். போட்டிக்குப் போன நாளில் தவறிய பாடத்தைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது.

பெற்றோருக்கும் கடமை உண்டு. "ஆட்டம் சோறு போடுமா?" என்று பிள்ளையை அதட்ட வேண்டாம். ஆட்டத்தை நம்பிப் புத்தகத்தை மூடவும் விட வேண்டாம்.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் சேலையைத் தூக்கி எறிவதில்லை. அறுந்த இழையை முடிந்து, மேலே நெய்கிறார்.

கல்லூரிகளும் அதைத்தான் செய்ய வேண்டும்.