வாசியில்லாக் காசு

1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து பாம்பனில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், மறுநாள் இராமேசுவரம் திருக்கோயிலில் உரையாற்றினார். ஏழையிடத்தும் நோயுற்றோரிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான சிவவழிபாடு என்பது அவ்வுரையின் சாரம். அதைக் கேட்டு உள்ளம் உருகிய மன்னர் பாஸ்கர சேதுபதி, அடுத்த நாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார். சேது யாத்திரிகர்களுக்காகச் சத்திரங்கள் அமைத்த மரபில் வந்தவர் அவர்.

அன்னமிடுதல் பேரறம். ஆயினும், அன்று உண்டவர்களுக்கு அதற்கடுத்த நாளும் பசித்திருக்கும் அல்லவா? அன்றைய பசியைக் கருணை தீர்க்கும். நாளைய பசிக்கு நீதிதான் பொறுப்பேற்க வேண்டும்.

திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்த காலத்தில் அடியார்களுக்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளியதைச் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கிறார். அப்பரின் காசு முழு மதிப்புக்குச் சென்றது. சம்பந்தரின் காசுக்கோ கடைத்தெருவில் வாசி, அதாவது வட்டம், கேட்டார்கள். அதனால் அவருடைய திருமடத்தில் அடியார்கள் அமுது செய்யத் தாமதமாயிற்று. பிள்ளையார் பதிகம் பாடி, வாசியில்லாக் காசு வேண்டிப் பெற்றார். வங்கிப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்நிகழ்ச்சி மிகவும் நெருக்கமானது. காசு கிடைத்ததே போதும் என்று அவர் அமையவில்லை. அதன் மதிப்புக் குறைந்தால் காத்திருப்பது பசித்த வயிறு என்பதை அறிந்திருந்தார்.

அந்த வாசியை வரலாற்றிலும் காணலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்தவர்களின் நாட்கூலி ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் என்று குறைக்கப்பட்டது. சிக்கனம் கருதி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவு அது. உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் அளவு உயர்த்தப்பட்டது. அதே ஆண்டுகளில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. வானம் பொய்த்தது உண்மை. ஆனால் பசியைச் சாவாக்கியதில் அளந்த கைகளுக்கும் பங்குண்டு.

இன்றைய இராமநாதபுரக் கடற்கரைக்கு வருவோம். மீன்கள் இனம்பெருகுவதற்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. கடல் வளம் காக்கும் நல்ல விதி இது. இதன் பயன் அனைவருக்கும் உரியது. வருமான இழப்போ மீனவர் வீட்டு அடுப்பைத்தான் முதலில் தொடுகிறது. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. ஆனால் 61 நாட்களுக்கு வகுத்துப் பார்த்தால், ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய். பொதுநன்மைக்காக ஒருவரை வேலையை நிறுத்தச் சொல்லும் சமூகம், அவருக்குத் தருவதைத் தானம் என்று எண்ணலாகாது, அது கடன். கடனை வாசியின்றித் தீர்ப்பதே முறை.

அன்பர்களே, அக்னி தீர்த்தத்தில் நீராடி, இருபத்திரண்டு தீர்த்தங்களும் ஆடி, அன்னதானத்துக்கும் காணிக்கை செலுத்துகிறோம். நல்லது. அதே பயணத்தில் நமக்காகச் சுமை தூக்கியவர், ஆட்டோ ஓட்டியவர், கடற்கரையில் சங்கும் சிப்பியும் விற்கும் மூதாட்டி ஆகியோரிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசுகிறோம். உண்டியலில் நூறு ரூபாய் இடும் கை, உழைத்தவரின் கூலியில் பத்தைக் கழித்தால், நாம் செலுத்திய காணிக்கையிலும் வாசி விழுந்துவிடுகிறது.