யார் சொன்னது? குடும்பக் கொலைச் செய்திகளின் இலக்கணம்

"நடத்தையில் சந்தேகம்: மனைவியைக் கொன்ற கணவர் கைது, போலீசில் பரபரப்பு வாக்குமூலம்." தமிழ் நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் இவ்வாய்பாடு பழக்கமானது. ஊரும் பெயரும் மாறும். தொடரின் கட்டமைப்பு மாறுவதில்லை. இதற்குள் நான்கு கூற்றுகள் உள்ளன: ஒரு பெண் இறந்தார், கணவர் கைதானார், அவரே கொன்றார், பெண்ணின் நடத்தை மீது எழுந்த ஐயமே காரணம். முதலிரண்டையும் செய்தியாளர் தாமே சரிபார்த்துவிட முடியும். மூன்றாவது காவல்துறையின் கூற்று. நான்காவது, குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருந்தபோது கூறியதாகக் காவல்துறை கூறியது. ஆயினும் நான்கும் ஒரே உறுதியுடன் ஒரே தொடரில் நிற்கின்றன.

தமிழில் '-ஆம்' என்றோர் இடைச்சொல் உண்டு. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கூடம் போகாதவரும் பிழையின்றிக் கையாள்கிறார். ஒரு செய்தியை நாம் கண்டறிந்தோமா, கேட்டறிந்தோமா என்பதைக் காட்டும் இத்தகைய கூறுகளை மொழியியலில் 'சான்றுநிலை' என்ற தலைப்பில் பயில்கிறோம். வம்புப் பேச்சின் சாயல் இருப்பதாலோ என்னவோ, செய்தித்தமிழ் '-ஆம்' விகுதியை ஒதுக்கிவிட்டது. அவ்விடத்தில் 'கூறப்படுகிறது', 'தெரியவந்துள்ளது' ஆகிய இரண்டும் அமர்ந்துள்ளன. 'கூறப்படுகிறது' என்னும் செயப்பாட்டுவினை, கூறியவரை மறைத்துவிடுகிறது. 'தெரியவந்துள்ளது' அதனினும் ஒருபடி மேலே செல்கிறது: கூற்றின் உண்மையை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. 'கூறப்படுகிறது, ஆனால் அது பொய்' என்று எழுதலாம். 'தெரியவந்துள்ளது, ஆனால் அது பொய்' என்று எழுதினால் தொடர் முரண்படுகிறது. காவல் ஆய்வாளர் ஒருவரின் ஊகம், வினைமுற்றுத் தேர்வு ஒன்றினாலேயே மெய்ம்மையாகிவிடுகிறது.

சட்டம் இவ்வகையில் செய்தித்தாளைவிட எச்சரிக்கையானது. காவல் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப் பிரிவு 25. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் பிரிவு 23 ஆக அவ்விதி தொடர்கிறது. காவலில் பெறப்படும் ஒப்புதல் அச்சத்தாலும் துன்புறுத்தலாலும் விளையக்கூடும் என்பதே இதன் அடிப்படை. அதாவது, நீதிபதி எதைச் சான்றாகக் கொள்ளக் கூடாதோ அதையே நாம் காலைத் தேநீருடன் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று வாசித்து முடித்துவிடுகிறோம்.

இதன் விளைவை நொய்டா இரட்டைக் கொலை வழக்கு தெளிவாகக் காட்டும். 2008 மே 16 அன்று ஆருஷி என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தம் வீட்டில் கொலையுண்டு கிடந்தார். வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜைக் காணவில்லை. ஆகவே அவரே கொலையாளி என்று ஐயுறப்பட்டார். மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் அவரது உடல் கிடைத்தது. மே 23 அன்று சிறுமியின் தந்தை கைதானார். செய்தியாளர் கூட்டத்தில் காவல்துறையினர் சிறுமியின் நடத்தையையே கொலைக்கான பின்னணியாகச் சுட்டினர். பின்னர் வழக்கு சிபிஐ வசம் சென்றது. பல் மருத்துவ நிலைய உதவியாளர் உள்ளிட்ட மூவர் கைதாகி, குற்றப்பத்திரிகை இன்றி விடுபட்டனர். 2010 டிசம்பரில் சிபிஐ வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை அளித்தது. நீதிமன்றம் அதனை ஏற்காது பெற்றோரை விசாரணைக்கு அழைத்தது. 2013 நவம்பரில் அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இலக்கண வழக்கில் சொன்னால், இத்தனை ஆண்டுகளிலும் 'கொன்றார்' என்ற பயனிலை அசையாது நின்றது. எழுவாய் மட்டுமே மாறிக்கொண்டிருந்தது. முதல் எழுவாயாக நிறுத்தப்பட்டவரோ அப்போதே கொலையுண்டு கிடந்தவர்.

குடும்பக் கொலைச் செய்தியில் இந்த இலக்கணம் மிகுதியான தீங்கு விளைவிப்பதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. பிற கொலைகளில், இறந்தவரைப் பற்றிப் பேசக் குடும்பம் இருக்கிறது. அவர் மீது பழி சுமத்தப்பட்டால் மறுக்கவும் அது முன்வரும். குடும்பக் கொலையிலோ, இறந்தவருக்காகப் பேச வேண்டியவரே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கிறார். ஆருஷியின் நடத்தை பற்றி என்ன சொன்னாலும் மறுத்துரைக்கக்கூடிய பெற்றோர் ஐயத்துக்குரியவர்கள் ஆகிவிட்டிருந்தனர். ஹேம்ராஜின் குடும்பமோ நேபாளத்தில் இருந்தது. வழக்கின் வழங்குபெயரில்கூட அவருக்குப் பெரும்பாலும் இடமில்லை. மறுப்பதற்கு ஆளில்லாத இடத்தில்தான் 'நடத்தையில் சந்தேகம்' என்ற அடைமொழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

தண்டனை பெற்றவரை நேர்காண்பதிலும் இதே வினா எழுகிறது. 1978இல் டெல்லியில் கீதா, சஞ்சய் சோப்ரா என்ற உடன்பிறப்புகளைக் கொன்ற பில்லா, ரங்கா இருவரையும் தூக்கிலிடும் முன்பு சந்திக்க, செய்தியாளர் பிரபா தத் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பத்திரிகைக்கு வரம்பற்ற உரிமை இல்லை. எனினும் கைதிகள் உடன்பட்டால், தக்க காரணமின்றிச் சந்திப்பை மறுக்கலாகாது என்று நீதிமன்றம் 1981இல் முடிவு செய்தது. அத்தீர்ப்பு சரியானதே. சிறை மதிலுக்குள் நடப்பதை அறியச் சமூகத்துக்கு வேறு வழிகள் குறைவு. 1982 மே மாதம் ஷீலா பார்சே பம்பாய்ச் சிறையில் பதினைந்து பெண் கைதிகளைச் சந்தித்தார். காவல் கொட்டடியில் தாக்கப்பட்டதாக ஐவர் கூறினர். அதன் தொடர்ச்சியாகவே, பெண்களைக் காவலில் வைப்பது குறித்து உச்ச நீதிமன்றம் 1983இல் நெறிமுறைகளை வகுத்தது.

2015இல் பிபிசி ஒளிபரப்பிய 'இந்தியாவின் மகள்' ஆவணப்படம் வேறு வகையானது. 2012 டெல்லி வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவர்களுள் ஒருவர், மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, திகார் சிறையிலிருந்து பேசினார். இறந்த பெண் மீதே பழி சுமத்தினார். அரசு படத்தைத் தடை செய்தது. தடை தவறு என்று ஒரு சாராரும், மேல்முறையீடு முடியும்வரையேனும் ஒளிபரப்பை ஒத்திவைக்க வேண்டும் என்று பெண்ணியச் செயற்பாட்டாளர் சிலரும் வாதிட்டனர். தடையை நானும் ஏற்கவில்லை. ஆனால் தடையா, உரிமையா என்ற விவாதத்தில், அந்த மனிதர் எதற்குச் சாட்சி என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது.

பார்சே சந்தித்த பெண்கள் தம் உடல்மேல் நிகழ்ந்ததற்குச் சாட்சிகள். திகாரில் பேசியவர், அவ்வாறான எண்ணங்கள் தம்மிடம் உண்டு என்பதற்குச் சாட்சி. இறந்த பெண் எத்தகையவர் என்பதற்கு அல்ல. மனைவியைக் கொன்றவர் தம் சினத்தையும் தம் அச்சத்தையும் பற்றிப் பேசலாம். காவல் நிலையத்தில் நேர்ந்ததைப் பேசலாம். மனைவியின் 'நடத்தை' பற்றி அவர் பேசும்போது, எதிர்த்தரப்பு இல்லாத வழக்கில் ஒருதரப்பு வாதத்தை முன்வைக்கிறார். செய்தியாளர் அதைப் பதிவு செய்யலாம். ஆனால் அவருடைய மேற்கோளாகவே அது நிற்க வேண்டும். மேற்கோள் குறியைக் களைந்து அதனையே 'காரணம்' ஆக்கும்போது, கொன்றவரின் தற்காப்புரை செய்தியாளரின் சொந்தக் கூற்றாகிவிடுகிறது.

"ஒவ்வொரு தொடரிலும் 'என்று காவல்துறை தெரிவித்தது' என எழுதினால் செய்தி செத்துப்போகும், இடமும் போதாது" என்று செய்தி அறையில் பணிபுரியும் நண்பர்கள் சொல்லக்கூடும். இடநெருக்கடி உண்மைதான். ஆனால் 'கூறப்படுகிறது' என்பதைவிட 'காவல்துறை கூறுகிறது' சில எழுத்துகளில் மட்டுமே நீளமானது. 'கொன்ற கணவர் கைது' என்பதற்கும் 'கொலை வழக்கில் கணவர் கைது' என்பதற்கும் அவ்வளவே இடைவெளி. 'கள்ளக்காதல்' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கினால் இடம் மிஞ்சவே செய்யும்.

இது செய்தியாளர்களின் சிக்கல் மட்டுமன்று. குடும்ப வன்முறை, சாதி, பாலினம் குறித்த நம் ஆய்வேடுகளில் நாளிதழ்ச் செய்திகள் தரவாக இடம்பெறுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கொலைக்கான நோக்கங்கள் 'காதல் விவகாரம்', 'தகாத உறவு' என்றெல்லாம் வகைப்படுத்தப்படுகின்றன. அப்பகுப்பும் காவல்துறைப் பதிவுகளிலிருந்தே உருவாகிறது. கொட்டடியில் சொன்னதாகச் சொல்லப்பட்ட ஒரு காரணம் நாளிதழில் மெய்ம்மையாகி, அட்டவணையில் எண்ணாகி, நம் இயல்களில் 'சமூகக் காரணி' என்ற பெயருடன் வந்து அமர்கிறது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் அந்த எண்ணைத் தேடிச் சென்று திருத்துபவர் யார்?

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொலைச் செய்தி ஒன்றைத் தரவாகக் கொள்ளும்போது, அதன் ஒவ்வொரு வினைமுற்றின் அருகிலும் இரு குறிப்புகளைச் சேர்த்திடுங்கள்: இதைச் சொன்னவர் யார்? அவருக்கு இது எவ்வாறு தெரியும்? விடை கிட்டாத தொடர்களைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இதழியல் துறைகள் இதே பயிற்சியை முதலாண்டிலேயே வைக்கலாம். ஒரு பழைய நாளிதழும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும்.