நைலான் என்று நாம் விற்கும் கயிறு

துவரம்பருப்பு கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் நாலு இடத்துக்குப் போன் போட்டு விசாரிக்கிறோம். எண்ணெய் டின்னில் நூறு கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகிறோம். ஆனால் கயிறு வாங்கும்போது மட்டும் "கிலோ என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக் கொள்கிறோம். கடை மூலையில் கிடக்கிற சரக்குதானே என்ற அலட்சியம். வாடிக்கையாளர் வந்து "நல்ல நைலான் கயிறா பத்து மீட்டர் கொடுங்க" என்பார். நாம் வெட்டிக் கொடுக்கிறோம். அவர் கேட்டது நைலான். நாம் கொடுத்தது பெரும்பாலும் நைலான் இல்லை. இது அவருக்கும் தெரியாது, நம்மில் பலருக்கும் தெரியாது.

தண்டையார்பேட்டையில் நாற்பது வருடங்களாகக் கயிறு, தார்ப்பாய், சாக்கு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். துறைமுகமும் காசிமேடும் பக்கத்தில் இருப்பதால், கயிற்றைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களிடமே விற்க வேண்டிய கட்டாயம் எனக்கு. மீன்பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் வாங்கி, புரியைப் பிரித்து, நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார். மளிகைக் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் நம் வாயை நம்பி வாங்குகிறார். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

நாம் "நைலான்" என்று பொதுப்பெயர் சூட்டி விற்பதில் மூன்று நான்கு சாதிச் சரக்குகள் இருக்கின்றன. பாலிப்ரொப்பிலீன், பாலிஎதிலீன், பாலியெஸ்டர், அசல் நைலான். நீலம், மஞ்சள், பச்சை நிறத்தில் பளபளவென்று சுருளாக வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வகைதான். அவை கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. மலிவு, இலேசு, தண்ணீரில் ஊறாது, ஆசிட்டுக்கும் அசையாது. மூட்டை கட்டவும், கொடி கட்டவும், தார்ப்பாய் இழுத்துக் கட்டவும் போதும். ஆனால் வெயில் இதற்கு எமன். நம் ஊர் மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் மேல் இழை தூளாகக் கொட்ட ஆரம்பிக்கும். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தக் கயிற்றின் காலம் முடிந்தது என்று அர்த்தம். கருப்புக் கயிறு மற்ற நிறங்களைவிட வெயிலை அதிகம் தாங்கும், அதில் கலந்திருக்கும் கரிதான் காரணம். வாடிக்கையாளர் கருப்பு அழகாக இல்லை என்பார். மாடிக்கு வேண்டுமென்றால் அதையே கொடுங்கள்.

அசல் நைலானைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் நன்றாக அமுக்கி, காற்றுக் குமிழிகள் போன பிறகு விடுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎதிலீனும் மிதக்கும். நெருப்பில் காட்டினால் மிதக்கிற வகை மெழுகுவர்த்தி அணைத்த வாசனை தரும், நைலானின் வாசனை வேறு. இழுத்துப் பார்த்தாலும் தெரியும். நைலான் நீண்டு கொடுத்துத் திரும்பி வரும், பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது. நம் பழைய கொச்சக் கயிற்றையும் மறந்துவிட வேண்டாம். உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் தேங்காய் நாருக்கு இணையான நார் குறைவு. பலம் குறைவு என்பதுதான் அதன் குறை.

இந்த வாளிச் சோதனை இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கும். பாலிப்ரொப்பிலீனில் சுண்ணாம்புத் தூள் கலந்து கயிறு திரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தூள் மலிவு, எடை அதிகம், கயிறோ கிலோ கணக்கில் விற்கிறது. பத்தில் ஒரு பங்கு கலந்தால் கயிறு இன்னும் மிதக்கும். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மூழ்கிவிடும். மிதக்க வேண்டிய கயிறு மூழ்கினால், நைலான் என்று மகிழ்ந்து போகாமல் நெருப்பில் காட்டிப் பாருங்கள்.

இதில் முதலில் ஏமாறுவது வாடிக்கையாளர் இல்லை, நாம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு சுத்தமான சரக்காக இருந்தால் நூறு மீட்டர் சுமார் ஆறரை கிலோ நிற்கும். நூறு கிலோ வாங்கினால் ஏறத்தாழ 1,540 மீட்டர் கிடைக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு தூள் கலந்த சரக்கில் அதே நூறு கிலோவுக்குக் கிடைப்பது 1,330 மீட்டர் அளவுக்குத்தான். நாம் வாங்குவது கிலோவில், விற்பது மீட்டரில். இருநூறு மீட்டர் போயிற்று. கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தான் என்று சந்தோஷப்பட்டு வாங்கி வந்தோமே, அந்த லாபம் எங்கே?

தராசு மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மெல்லிய கயிற்றில் தூளை ஏற்றினால் மீட்டருக்கு எடை சரியாகவே காட்டும். ஆகவே தடிமனையும் அளக்க வேண்டும். எட்டு மில்லி என்று சொல்லி ஏழு மில்லி தருவதை நாம் "ஒரு மில்லிதானே" என்று விட்டுவிடுகிறோம். கயிற்றின் பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டெட்டு அறுபத்துநாலு, ஏழேழு நாற்பத்தொன்பது. ஒரு மில்லி குறைந்தால் பலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடுகிறது. அதன்மேல் ஒரு முடிச்சுப் போட்டால் இன்னும் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போகும்.

மூட்டை கட்டுகிற வரையில் இதெல்லாம் பண நஷ்டத்தோடு போகும். மனிதன் தொங்கும்போதுதான் விஷயம் வேறு.

சில மாதங்களுக்கு முன் கல்லூரிப் பையன்கள் இருவர் என் கடைக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, பாறை ஏற கயிறு வேணும். அறுபது மீட்டர். நைலான்ல தடிமனா இருந்தா போதும்" என்றார்கள். எந்த ஊர்ப் பாறை தம்பி என்று கேட்டேன். கர்நாடகத்தில் பாதாமி என்றார்கள். அங்கே சிவந்த மணற்பாறையில் கொக்கி அடித்து வைத்திருக்கிறார்கள், ஏறுகிறவர் தன் இடுப்பில் கட்டிய கயிற்றை ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டிக்கொண்டே மேலே போவார். இந்த விளையாட்டு 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது. அதற்கான அசல் கயிறு பல ஆயிரம் ரூபாய் ஆகிறதாம், வடசென்னையில் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாறை ஏறுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கயிற்றைப் பற்றித் தெரியும். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, என்னிடம் அந்தக் கயிறு கிடையாது என்றேன். பின்னால் ஆறு சுருள் தடித்த கயிறு அடுக்கியிருந்தது, அவர்கள் அதையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்கிறேன், நாளை உங்கள் கடைக்கும் இப்படி யாராவது வரலாம். 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் நல்ல சரக்காக இருந்தால் இரண்டு டன் வரை இழுத்தால்தான் அறும். எண்பது கிலோ ஆள் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் ஏறுகிறவர் தொங்கிக் கொண்டிருப்பவர் இல்லை, விழுகிறவர். மாடியிலிருந்து அரிசி மூட்டையைச் சிமெண்ட் தரையில் போட்டால் வெடிக்கும், வைக்கோல் போரில் போட்டால் பிழைக்கும். எடை ஒன்றுதான், நிற்பதற்குக் கிடைக்கும் தூரம்தான் வேறு. நீளாத கயிறு சிமெண்ட் தரை மாதிரி. கயிறு அறாவிட்டாலும் ஆளின் இடுப்பு தாங்காது, அல்லது கொக்கி பிடுங்கிக் கொள்ளும். ஆகவே பாறைக் கயிறு என்பது அறாமல் இருந்தால் மட்டும் போதாது, விழுகிறவரை மெதுவாகப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். அதனால்தான் அதை நைலானில் செய்கிறார்கள். உள்ளே முறுக்கிய நைலான் இழைகள், மேலே பின்னிய நைலான் உறை. எடெல்ரிட் என்ற ஜெர்மானியக் கம்பெனி 1953-இல் கொண்டு வந்த முறை அது.

உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு 1932-இல் ஏற்பட்டது. ஒற்றைக் கயிற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் சோதனை கடுமையானது. எண்பது கிலோ இரும்பை ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து, மூன்று மீட்டர்கூட இல்லாத கயிற்றில் விழ விடுவார்கள். ஒரே கயிறு குறைந்தது ஐந்து முறை தாங்க வேண்டும். முதல் விழுதலில் ஏற்படும் அதிர்வு 12 கிலோ நியூட்டன், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோ இழுப்பைத் தாண்டக் கூடாது. இந்தச் சோதனை தேறிய கயிற்றின் நுனியில் வட்டத்துக்குள் "1" என்று குறி இருக்கும். அரை என்றோ, இரட்டை வளையமாகவோ குறி இருந்தால் அது இரண்டு கயிறாகச் சேர்த்துப் பயன்படுத்துவது. "ஸ்டாட்டிக்" என்று எழுதியது நீளாத வகை. உயரக் கட்டட வேலைக்கும் மீட்புப் பணிக்கும் அது உதவும், விழக்கூடிய ஏற்றத்துக்கு ஆகாது.

பையன்கள் உடனே வியாபாரக் கேள்வியே கேட்டார்கள், எது காசுக்கு உழைக்கும் என்று. பழகுகிறவர்களுக்கு 9 மில்லி மெல்லிய கயிறு வேண்டாம், அது இலேசு, ஆனால் பாறையில் உரசிச் சீக்கிரம் உறை கிழியும். பத்து மில்லியை ஒட்டிய தடிமன், அறுபது எழுபது மீட்டர் நீளம், நாலு பேர் காசு சேர்த்து வாங்கினால் ஆளுக்கு அவ்வளவு ஆகாது. தேய்வது பெரும்பாலும் நுனிதான், கட்டுவதும் விழுவதும் அங்கேதான் நடக்கிறது. நுனி தேய்ந்தால் நாலைந்து மீட்டர் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம், நீளம் குறைந்ததை மட்டும் மறக்கக் கூடாது. உறை கிழிந்து உள் இழை தெரிந்தாலும், தடவும்போது ஓரிடம் மட்டும் மெத்தென்று இருந்தாலும் அந்த இடத்தை நம்பக் கூடாது. உபயோகிக்காமலே வைத்திருந்தாலும் செய்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. இன்னொருவர் பயன்படுத்திய கயிறு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அது எத்தனை முறை விழுந்ததைத் தாங்கியது என்று கயிறு சொல்லாது.

கையில் நல்ல கயிறு இருந்தும் மட்டமானதை எடுத்துக் கட்டிய கதை ஒன்று உண்டு. 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையில் மேட்டர்ஹார்ன் சிகரத்தை எட்வர்ட் விம்பர் குழுவினர் ஏழு பேர் முதன்முதலாக எட்டினார்கள். இறங்கும்போது ஒருவர் சறுக்க, நால்வர் விழுந்தார்கள். அவர்களுக்கும் மேலே நின்றவர்களுக்கும் இடையிலிருந்த கயிறு அறுந்தது. பிறகு பார்த்தால் அவர்கள் கொண்டுபோன மூன்று வகைக் கயிற்றில் அதுதான் பழையது, பலம் குறைந்தது. நல்ல கயிறு மூட்டையில் இருந்தது. அறுந்த துண்டை ஸெர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

நம் பேட்டையில் பாறை இல்லை. ஆனால் நாலு மாடிக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர் தொங்குகிறார், தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் இறங்குகிறார். அந்தக் கயிறு நம் கடையிலிருந்துதான் போகிறது. "ஆளைத் தாங்குமா?" என்று கேட்டால் "யானையே தாங்கும்" என்று சொல்லி விற்பது நம்மவர் பழக்கம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் 86-ஆம் பிரிவைச் சங்க அலுவலகத்தில் கேட்டாவது படியுங்கள். தயாரித்தவர் சொல்லாத உத்தரவாதத்தை விற்கிறவர் தாமாகக் கொடுத்து, அது பொய்த்துத் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பொறுப்பு. தயாரித்தவர் யார் என்றே தெரியாத சரக்கானாலும் விற்றவர் பொறுப்பு. தயாரித்தவர் கொடுத்த எச்சரிக்கையை வாடிக்கையாளரிடம் சேர்க்காவிட்டாலும் அப்படியே. பெயரும் விலாசமும் இல்லாத சுருளை வாங்கி, யானை தாங்கும் என்று சொல்லி விற்றால் மூன்றில் இரண்டு அங்கேயே வந்து விடுகிறது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்திலேயே கழிவறை ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அடுக்கியிருக்கும். ஆசிட்டுக்கு அசையாது என்று மேலே சொன்னது பாலிப்ரொப்பிலீனும் பாலிஎதிலீனும்தான். நைலானும் கொச்சக் கயிறும் சணலும் ஆசிட் பட்டால் செத்தன. மூடி சரியில்லாத பாட்டிலின் ஆவியே போதும், வெளியே பார்த்தால் கறைகூடத் தெரியாது. நைலானை எதிர் மூலைக்கு மாற்றி வையுங்கள், ஒரு செலவும் இல்லை.

என் கடையில் இப்போது ஒவ்வொரு சுருளிலும் அட்டை கட்டியிருக்கிறேன். சரக்கின் அசல் பெயர், அளந்து பார்த்த தடிமன், பத்து மீட்டர் எடை, "ஆள் தொங்க அல்ல" என்ற வரி. ஆள் தொங்குவதற்கு என்று கேட்பவர்களுக்கு, சான்றிதழும் தயாரித்தவர் பெயரும் உள்ள பாதுகாப்புக் கயிறு விற்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறேன். ஒன்றிரண்டு வியாபாரம் போகிறது, போகட்டும்.

உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே ஆலையில் பெயர் போட்ட சரக்காக வாங்கினால், விலையும் குறையும், தூள் கலக்கவும் அவன் யோசிப்பான். இதை வரும் செயற்குழுவில் வைக்க இருக்கிறேன். வருகிறவர்கள் தங்கள் கடையில் விற்கிற ஒவ்வொரு கயிற்றிலும் பத்து மீட்டர் எடுத்து வாருங்கள். வாளி, தராசு, தீப்பெட்டி மூன்றும் நான் கொண்டு வருகிறேன்.