அகர்தலா எவ்வளவு தொலைவு?

கொல்கத்தாவுக்கும் அகர்தலாவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் சென்றடைகிறது. அதே ஊருக்கு ரயிலில் செல்பவரோ 1,500 கிலோமீட்டருக்கும் மேல் கடக்கிறார். ஒன்றரை நாள் ஆகிறது. இவற்றுள் எதைத் தொலைவு என்று கொள்வது? புவியியல் மாணவருக்கு மட்டுமல்லாமல், கல்வி வாய்ப்பைப் பற்றிப் பேசும் எவருக்கும் உரிய கேள்வி இது.

இந்த ஐந்து மடங்கு வேறுபாட்டை மலையோ கடலோ உண்டாக்கவில்லை. 1947 வரை திரிபுரா மக்களுக்கு அருகிலிருந்த ரயில் நிலையம், எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அகௌரா. பிரிவினை அதை அயல்நாடாக்கியது. 1965 போருக்குப் பின் இரு நாடுகளுக்கிடையே ரயில் போக்குவரத்தும் நின்றது. அதன்பின் சிலிகுரியின் குறுகிய நிலப்பகுதி வழியாக அசாமைச் சுற்றி வருவதே இந்திய மண்ணிலேயே செல்லும் வழியாயிற்று. அகர்தலாவை ரயில் எட்டியது 2008-இல். அகலப்பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2016-இல். அந்தப் பாதையும் மழைக்காலத்தில் நம்பத்தக்கதன்று. 2022 மே மாதம் லம்டிங் - பதர்பூர் மலைப்பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவு அதைத் துண்டித்தது. அகர்தலாவையும் அகௌராவையும் இணைக்கும் புதிய இருப்புப்பாதை 2023 நவம்பரில் திறக்கப்பட்டபோதும், பயணிகளின் அன்றாட வழியாக அது மாறவில்லை.

விமானம் இந்த வரலாற்றை அழித்துவிட்டது என்று தோன்றலாம். அது வங்கதேசத்தின் வான்வெளியில் பறப்பதால்தான் அந்த ஒரு மணி நேரம் கிட்டுகிறது. 2019-இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்ததை நினைவிற்கொண்டால், வானிலும் எல்லைகள் உண்டு என்பது விளங்கும். அதைவிட முதன்மையானது, எல்லையைத் தாண்டிப் பறக்கும் வசதி பயணச்சீட்டின் விலைக்கு உட்பட்டது என்பது. பணம் உள்ளவருக்கு அகர்தலா அண்டை ஊர். இல்லாதவருக்கு நாட்டின் மறுகோடி.

கல்விப்புலம் இதை ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. கருத்தரங்கிற்கோ நேர்காணலுக்கோ அழைக்கும்போது 'ஒரு மணி நேரப் பயணம்தானே' என்பார்கள். செலவை ஈடுசெய்யும் வேளையில், ஆய்வு மாணவருக்கு ரயில் கட்டணம் மட்டுமே என்ற விதியைக் காட்டுவார்கள். அழைக்கும்போது விமானத்தின் கடிகாரம், பணம் தரும்போது ரயிலின் கட்டணப்பட்டியல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றரை நாளை மாணவரே சுமக்கிறார். போகவர மூன்று நாள் செலவிட்டு இருபது நிமிடம் கட்டுரை வாசிப்பதைவிட, விண்ணப்பிக்காமலே இருந்துவிடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

ஆய்வு முறையிலும் இதே பிழை நிகழ்கிறது. மருத்துவமனை, பல்கலைக்கழகம், சந்தை ஆகியவற்றின் அணுக்கத்தை நேர்கோட்டுத் தொலைவால் அளக்கும் கட்டுரைகள் ஏராளம். கணக்கிட எளிது என்பது அதன் பயன். எல்லைப்புற மாநிலங்களைப் பொறுத்தவரை அது பொய்யான அண்மையைக் காட்டும். மக்கள் உண்மையில் பயன்படுத்தும் வழி, அதற்காகும் நேரம், வருமானத்தில் அது விழுங்கும் பங்கு ஆகிய மூன்றையும் சேர்த்தே தொலைவை அளக்க வேண்டும். பயணப்படி விதிகளும் அந்த அளவுகோலைப் பின்பற்றி, தரைவழி மிகுதியாகச் சுற்றும் இடங்களிலிருந்து வரும் மாணவருக்கு விமானக் கட்டணத்தை உரிமையாகவே வழங்க வேண்டும்.