பஞ்சத்தின் நினைவாக ஓர் உபகாரச் சம்பளம்

அயர்லாந்தில் உள்ள கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரி, அமெரிக்கப் பூர்வகுடியினரான சாக்டோ இனத்து மாணவருக்கென ஓர் உபகாரச் சம்பளத்தை 2019ஆம் ஆண்டில் வழங்கத் தொடங்கியது. முந்திய ஆண்டில் ஒக்லஹோமா மாநிலத்திற்குச் சென்றிருந்த அன்றைய அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கர் இதனை அறிவித்தார். எங்கோ இருக்கும் ஓர் இனத்தின் பிள்ளைக்கு அயர்லாந்து ஏன் முதுகலைப் படிப்பு தரவேண்டும் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் வியக்கலாம்.

காரணம் 1847இல் இருக்கிறது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. அயர்லாந்தின் ஏழைக் குடியானவருக்கு அதுவே மூவேளை உணவு. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். இன்னும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 லட்சமாகச் சுருங்கிற்று. இச்செய்தியைக் கேட்ட சாக்டோ மக்கள் தங்களுக்குள் நிதி திரட்டி அனுப்பினர். 1831 முதல் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, நடந்தே மேற்கு நோக்கிச் சென்று, வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

கோர்க் மாவட்டத்து மிடில்டன் நகரில் இதற்கொரு சிற்பமும் உண்டு. எஃகினால் ஆன ஒன்பது கழுகிறகுகள் வட்டமாக நிற்கின்றன. 2017இல் முறைப்படி திறந்து வைத்தனர். அழகுதான். ஆயினும் சிற்பம் நன்றி சொல்லும், கேள்வி கேட்காது. படிக்க வரும் மாணவன் கேட்பான். சாக்டோ மக்கள் தந்தது 170 டாலரா, 710 டாலரா? இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இனத்துச் செல்வந்தர் சிலர் அக்காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தனரே, ஈகையையும் அதையும் எவ்வாறு சேர்த்துப் படிப்பது? பசியால் மக்கள் மடிகையில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏன் வெளியேறிற்று? நினைவுகூர்தல் என்றால் இத்தகைய கேள்விகளுக்கும் இடம் தரவேண்டும் என்பது என் கருத்து. அதனால்தான் சிற்பத்தைவிட உபகாரச் சம்பளம் மேலானது என்கிறேன்.

நமக்கும் இதில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. பஞ்ச நிவாரணச் செலவை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். 1848இல் அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. அதே மனிதர் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். ஆளுநர் பட்டியலில் அவர் வெறும் பெயர். அயர்லாந்தில் அப்பெயரை இன்றும் கசப்போடுதான் சொல்கின்றனர்.

பல்கலைக்கழகம் செய்வதைத் தொடக்கப்பள்ளியும் செய்யமுடியும். அயர்லாந்தே செய்து காட்டியிருக்கிறது. 1937, 1938ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 50,000 பேர், கட்டுரைப் பாடநேரத்தில் தாத்தா பாட்டியரிடமும் அண்டை அயலாரிடமும் கேட்டறிந்த செய்திகளை எழுதினர். ஆசிரியர்களுக்கு அனுப்பப்பட்ட தலைப்புகளுள் பஞ்ச காலமும் ஒன்று. எந்தக் குடும்பம் அழிந்தது, எந்த வயலில் புதைத்தனர், கஞ்சி எங்கே ஊற்றினர் என்றெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பேடுகளை இன்று இணையத்திலேயே புரட்டலாம். பேராசிரியர்களும் அவற்றைச் சான்றாக எடுத்தாள்கின்றனர். பொறாமையாகத்தான் இருக்கிறது!

நம் பள்ளிகளிலும் கட்டுரைப் போட்டிகளுக்குக் குறைவில்லை. கோப்பையும் சான்றிதழும் பெரும்பாலும் மனனம் செய்த முன்னுரைக்கும் அடுக்கடுக்கான மரபுத்தொடருக்குமே போகின்றன. ஆசிரியர் எழுதித் தந்ததை மாணவன் ஒப்பிக்கிறான், பெற்றோரும் கைதட்டுகின்றனர். அடுத்த போட்டியில் தலைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்போமே. பிள்ளை தன் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் பசியைப் பற்றிக் கேட்டு எழுதட்டும். அவர் சொன்னதையும் அடுத்த வீட்டுக்காரர் சொன்னதையும் ஒப்பிட்டு, எங்கே முரண்படுகிறது என்று ஒரு பத்தியில் குறிக்கட்டும். முதற்பரிசுக்கான புள்ளிகளில் பாதியை அந்தப் பத்திக்கே ஒதுக்கலாம்.