பாடம் ஒப்பிக்காத பிள்ளைக்கு நன்மை கிடையாதா?

இந்த வருஷமும் புதுநன்மைப் பட்டியலில் அந்தப் பையன் பெயர் இல்லை. வயது 11. பேச்சு வராது. பரலோக மந்திரத்தையும் பத்துக் கற்பனையையும் ஒப்பிக்க முடியாது என்பதால், "அவனுக்கு என்ன புரியும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எந்தக் கோவில் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் விஷயம் போய் ஆள் சண்டையாகிவிடும்.

அவனுடைய ஆச்சி என்னிடம் சொன்னது: "அண்ணாச்சி, எல்லாரும் போகும்போது அவனும் கையை நீட்டிக்கிட்டுப் போறான். நெத்தியில சிலுவை போட்டு அனுப்பிருதாவ. வீட்டுக்கு வந்து வெறுங்கையையே பாத்துக்கிட்டு இருக்கான்."

புரியாத பிள்ளை வெறுங்கையைப் பார்க்குமா?

காலமெல்லாம் கோப்புகளோடு கிடந்தவன் நான். ஆட்சேபம் எழுதுகிறவரிடம் முதல் கேள்வி, எந்த விதிப்படி என்பதுதான். 1910 ஆகஸ்டு 8ஆம் தேதி, பத்தாம் பத்திநாதர் பாப்பரசராக இருந்தபோது ஓர் ஆணை வெளியானது. 'க்வாம் சிங்குலாரி' என்று அதற்குப் பெயர். அதற்கு முன் பல இடங்களில் பிள்ளைகளை 12, 14 வயதுவரை காக்க வைத்தார்கள். அது தவறு, ஏறக்குறைய 7 வயது போதும் என்றது ஆணை. இந்த அப்பம் வீட்டுச் சாப்பாடு அல்ல என்று பிரித்தறிந்தால் போதும், எல்லாப் பாடமும் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் 913ஆம் எண்ணும் பிள்ளையின் சக்திக்கு ஏற்ற புரிதலைத்தான் கேட்கிறது. மனப்பாடம் என்ற சொல்லே அதில் இல்லை.

914ஆம் எண்ணை என்னிடம் எடுத்துக் காட்டினார்கள். புத்தி தெளியாத பிள்ளைகள் வராமல் பங்குச் சாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் வாய் பேசாததும் புத்தி இல்லாததும் ஒன்றா? பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி நூறு வருஷத்துக்கும் மேலாகக் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. தவிர, பிள்ளையைத் தயார் செய்யும் கடமையை அதே 914 முதலில் பெற்றோருக்கும் அவர்கள் இடத்தில் இருப்பவர்களுக்கும், பிறகு பங்குச் சாமியாருக்கும்தான் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மார்க் போடுகிறவருக்கு அல்ல.

ஒப்பிப்பதன் லட்சணம் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான், ஞானோபதேசமும் பிரெஞ்சில்தான். 'திரான்சுப்ஸ்தான்சியாசியோன்' என்ற சொல்லைப் பிசிறில்லாமல் சொல்வேன். பொருள் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. சொல்லத் தெரிந்ததால் எனக்கு நன்மை கிடைத்தது.

இன்னொன்று. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ப் பக்கம் போனால் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் நிறைய. அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கு அன்றைக்கே நற்கருணை கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தை என்ன ஒப்பித்தது? நம் முறை வேறு என்பார்கள். வேறுதான். ஆனால் அதுவும் அப்போஸ்தலர் காலத்தைச் சொல்லிக்கொள்ளும் பழைய சபை.

வெள்ளை கவுன், கோட்டு, வீடியோ, பிரியாணி என்று புதுநன்மை கல்யாணம் போலாகிவிட்டதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கையில் காசு சேரட்டும் என்று பிள்ளையை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கிற ஏழை வீடுகளும் உண்டு.

அந்தப் பையனுக்குச் செய்யக்கூடியது கடினமே இல்லை. வசீகரம் செய்யாத வெறும் அப்பம் கொஞ்சம் கேட்டு வாங்கி, எப்படி ஏந்துவது, எப்படி உட்கொள்வது என்று வீட்டில் பழக்கலாம். சாப்பாட்டு மேஜையில் ஒரு பாடம், பீடத்துக்கு முன்னால் ஒரு பாடம். வித்தியாசத்தை அவன் கையால் காட்டுவான். விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு இரசம் மட்டும் கொடுக்கவும் 925ஆம் எண் இடம் தருகிறது. சட்ட எண்களை ஒரு தாளில் எழுதி ஆச்சியிடம் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரை நேரில் பார்க்கப் போகிறார்கள். பையனும் கூடப் போகிறான்.