முகப்பில் எந்த முகம்?

உள்ளம் சோர்ந்தால் உடல் தளரும். உடல் நலிந்தால் உள்ளம் வாடும். இவ்விரண்டையும் ஒருசேரப் பேணும் வழிகளுள் கலையும் ஒன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தாலாட்டும் கும்மியும் கோலமும் வெறும் பொழுதுபோக்காக மட்டும் தோன்றியவை அல்ல. அன்று வீட்டிலும் தெருவிலும் கிடைத்ததை இன்று நாம் கட்டணம் செலுத்திப் பெறுகின்றோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் யோகாசனம், இசை, நடனம், ஓவியம், களிமண் கைவேலை ஆகியவற்றின் வழியாக மனத்துக்கு ஆறுதல் தரும் நிலையங்கள் பல இயங்கி வருகின்றன. இத்தொழிலை நாம் குறைகூற வரவில்லை. அதன் முகப்பில் வைக்கப்படும் புகைப்படத்தைப் பற்றியே ஈண்டுப் பேச விழைகின்றோம்.

படம் சிறிய பொருள்தானே என்று சிலர் கருதலாம். துன்பத்தோடு வருபவர் நிலையத்தின் பெயர்ப்பலகையையும் துண்டறிக்கையையும் பார்த்தே உள்ளே நுழைவதா, திரும்பிப் போவதா என்று முடிவு செய்கின்றார். அங்கே அவர் முதலில் காண்பது எழுத்தை அன்று, படத்தை. ஆகவே அந்தப் படம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதி பொய்யாகலாகாது என்பதே நம் கருத்தின் அடிப்படை.

இன்று பெரும்பாலும் காணப்படும் படங்கள் எவை? கடலோரத்தில் கதிரவன் மறையும் வேளையில் கண்மூடி அமர்ந்திருக்கும் இளம்பெண். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூழாங்கற்கள். நீர்த்துளி தங்கிய தாமரை. இவை விலைக்குக் கிடைப்பவை. கணிப்பொறியே உருவாக்கித் தரும் முகங்களும் இப்போது வந்துவிட்டன. அந்தப் பெண் அந்நிலையத்துக்கு ஒருநாளும் வந்தவள் அல்லள். சில வேளைகளில் உலகில் பிறந்தவளே அல்லள். அத்தகைய படம் அழகாக இருக்கலாம். ஆனால் மாடிப்படி ஏற இயலாத முதியவருக்கும், கணவரை இழந்து உறக்கமின்றித் தவிக்கும் தாய்க்கும், தேர்வில் தோற்று மனமுடைந்த மாணவனுக்கும் அது தருகின்ற செய்தி ஒன்றே: இவ்விடம் உமக்கு உரியதன்று.

இதனை விளக்கச் சென்னையிலேயே தக்க சான்று உண்டு. யோகக் கலையில் பெரும்புகழ் பெற்ற திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888இல் பிறந்தவர். மைசூரில் ஆசிரியராக விளங்கியபோது, 1934இல், ஆசனப் படங்களுடன் 'யோக மகரந்தம்' என்னும் நூலை வெளியிட்டார். அவருடைய மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட யோக நூலில் ஏறத்தாழ 600 படங்கள் இடம்பெற்றன. உடலை வில்லாக வளைக்கும் அப்படங்கள் யோகாசனத்தை உலகெங்கும் கொண்டு சென்றன. கற்போனுக்கு வழிகாட்டுவது அவற்றின் நோக்கம். அந்நோக்கத்தை அவை செவ்வனே நிறைவேற்றின.

அதே கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, 1989இல் நூறு வயதை எட்டி மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர்தம் மைந்தர் தேசிகாச்சார் தந்தையின் நெறியைப் பரப்ப 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் வளர்ந்த அந்நிறுவனம் வலியுறுத்திய கொள்கை ஒன்று நோக்கத்தக்கது. மனிதன் யோகத்துக்கு ஏற்பத் தன்னை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவனுடைய வயதுக்கும் நோய்க்கும் தொழிலுக்கும் ஏற்ப யோகமே மாற்றி அமைக்கப்பட வேண்டும் என்பதே அது. இந்நெறிக்கு முகப்புப் படம் தேடினால் வில்லாக வளைந்த உடல் பொருந்துமா? பொருந்தாது. நாற்காலியில் அமர்ந்து கைகளை மெல்ல உயர்த்தும் ஒரு மூதாட்டியும், அவருடைய மூச்சைக் கவனித்தபடி அருகே அமர்ந்திருக்கும் ஆசிரியரும் உள்ள படமே பொருந்தும். பாடநூலுக்குச் சிறந்த படம் பெயர்ப்பலகைக்கும் சிறந்ததாகிவிடாது. முன்னது செய்முறையைக் காட்டுவது. பின்னது வருவோரை அழைப்பது.

அடையாற்றின் ஆலமரமும் நமக்கு ஒரு பாடம் கூறுகின்றது. பிரம்மஞான சபையின் வளாகத்தில் உள்ள அம்மரத்தின் படத்தைப் பார்க்காத சென்னைவாசி அரியர். அதன் தாய்த்தண்டு 1989இல் சாய்ந்துவிட்டது. எனினும் மரம் மடியவில்லை. விழுதுகளே தண்டுகளாகித் தாங்கி நிற்கின்றன. நலம்பேணும் நிலையம் ஒன்று இம்மரத்தைத் தன் அடையாளமாகக் கொள்ள விரும்பினால் எந்தப் படத்தைத் தேர்வது? தாய்த்தண்டு ஓங்கி நிற்கும் பழைய படம் கம்பீரமானது. ஆனால் நடுவில் வெற்றிடமும் சுற்றிலும் விழுதுகளும் உள்ள இன்றைய படமே துன்புற்றவனோடு பேசும். இழப்புக்குப் பின்னும் வாழலாம் என்பதை அது சொல்லாமல் சொல்லும்.

மெய்யான படம் வேண்டும் என்றவுடன் வேறொரு தீங்கு நுழைய வாய்ப்புண்டு. சிகிச்சைக்கு வந்தவரையே படமெடுத்து முகப்பில் ஒட்டுவது அது. 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாம் ஒன்றில் எடுக்கப்பட்ட ஆப்கானியச் சிறுமியின் படம், 1985இல் 'நேஷனல் ஜியாக்ரபிக்' இதழின் அட்டையை அலங்கரித்தது. அவளுடைய பச்சைக் கண்களை உலகமே அறிந்தது, பெயரை அறியவில்லை. 2002இல்தான் அவர் ஷர்பத் குலா என்று கண்டறியப்பட்டது. அதுவரை அவர் தம் படத்தைக் கண்டதே இல்லை. ஒருவருடைய முகம் ஊரெங்கும் உலவ, அவர் மட்டும் அறியாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

நம் நாட்டுச் சட்டமும் இதனைக் கருதியுள்ளது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தை அவருடைய இசைவின்றி ஊடகங்களுக்கு வெளியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. ஓவியமும் இசையும் கற்பிக்கும் சிறு நிலையங்கள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வாராமல் இருக்கலாம். அறத்தின் வரம்புக்குள் அவையும் அடங்கும். மேலும், கட்டணச் சலுகை பெறும் ஏழையிடம் இசைவு கேட்டால் அவர் மறுக்கத் துணிவாரா? மறுக்க இயலாத இடத்தில் பெறும் இசைவு இசைவாகாது. இன்று தந்த இசைவை நாளை திரும்பப் பெறவும் வழி இருத்தல் வேண்டும். மனநோய் என்றாலே மணப்பேச்சு முறியும் சமுதாயத்தில் ஒரு படம் ஒரு பெண்ணின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும்.

துயரத்தைக் காட்டும் படமே வேண்டாமா என்று கேட்கலாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் நிகழ்ந்த தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அச்சங்கிலிகளை நாடு காண வேண்டியிருந்தது. கண்டதனால்தான் மனசாட்சி விழித்தது. அது செய்தியாளரின் கடமை. அதே சங்கிலிப் படத்தை ஒரு நிலையம் தன் வருவாய்க்காக விளம்பரத்தில் இடுமானால் அது பிறர் துயரை விற்பதாகும். இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

"அழகில்லாத படத்துக்கு யார் வருவார்? வாடகையை யார் தருவார்?" என்று தொழில் நடத்துவோர் வினவுவர். அவர்தம் கவலை நியாயமானதே. ஆயினும் மெய்க்கும் அழகுக்கும் பகை இல்லை. களிமண் படிந்த இரு கைகள், சன்னல் ஒளி விழும் பாய், மிருதங்கத்தின் மேல் தயங்கி நிற்கும் முதிய விரல்கள் ஆகியவற்றில் முகம் தெரிவதில்லை; மானம் காக்கப்படுகின்றது; நடைபெறும் பணியும் விளங்குகின்றது. முகமே வேண்டுமெனில் ஆசிரியர் தம் முகத்தைத் தரட்டும். பொறுப்பேற்பவர் முகம் காட்டுவது முறைதானே?

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை விளம்பரத் துறையிலும் புகைப்படத் துறையிலும் பணியாற்றுவீர்கள். சிலர் இத்தகைய நிலையங்களையே தொடங்குவீர்கள். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொழுது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது நம் இடத்தில் உண்மையில் நடப்பதா? இதில் இருப்பவர் அறிந்து, அச்சமின்றி இசைந்தாரா? நம்மை நாடி வரும் மிக நலிந்தவர் இதனைக் கண்டு உள்ளே வரத் துணிவாரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை 'இல்லை' என்றால், அப்படம் எத்துணை அழகுடையதாயினும் விலக்குங்கள். இத்தகைய பணிகளுக்கு இடமும் பொருளும் அளித்துதவும் சமுதாயப் பெரியோர்களும், கணக்கைக் கேட்பதுபோல் இம்மூன்று வினாக்களையும் கேட்பார்களாக. நலிந்தவர் வாசலில் நின்று திரும்பிப் போகாமல் உள்ளே வர அவர்களின் வினா துணைசெய்யும்.